கேட்காதவரைத் தேடிப் போகும் பதில்: மாணவர்களின் பணக்கவலையும் சாட்பாட்டும்

ஒரு மாணவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார் என்றால், பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் கட்டணக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நிலுவைக்காக ஒவ்வொரு பருவத்திலும் வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களில் பலருக்குத் துண்டு விழுந்த தொகை சில நூறு டாலர்தான். படிப்பில் குறையில்லை, பட்டத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு பருவமே பாக்கி என்ற நிலையில் இருந்தவர்களும் அதில் அடக்கம். 2011இல் அந்தப் பல்கலைக்கழகம் இதற்கென ஒரு சிறு மானியத்தைத் தொடங்கியது. அதற்கு மனுப் போட வேண்டியதில்லை. அலுவலகமே கணக்குகளைப் பார்த்து, தகுதியுள்ளவரைக் கண்டுபிடித்து, குறைகிற தொகையை வரவு வைத்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்லும்.

மாணவர்களின் நிதி நலத்துக்குச் செயற்கை நுண்ணறிவு சாட்பாட் (மனிதரைப் போல உரையாடும் மென்பொருள், சுருக்கமாக ‘பாட்’) உதவுமா என்ற கேள்வியை இந்த மானியத்திலிருந்து தொடங்குவது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சாட்பாட் பிறந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான், 2016இல். யார் எங்கே இடறுகிறார் என்று முதலில் கணக்குகளைப் பார்த்தார்கள். பிறகுதான் சாட்பாட்டை உருவாக்கினார்கள். இன்று பல கல்லூரிகள் பாட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பிறகு யோசிக்கின்றன.

நிதி நலம் என்றால் சேமிப்பும் முதலீடும் மட்டுமல்ல. கல்லூரி மாணவரைப் பொறுத்தவரை அது அடுத்த பருவக் கட்டணம், வாடகை, சாப்பாடு, கடனில் எவ்வளவு எடுப்பது, எந்தத் தேதிக்குள் எந்தப் படிவம், அவசரச் செலவு வந்தால் யாரிடம் கேட்பது ஆகிய கவலைகள் படிப்பை அழுத்தாமல் இருக்கும் நிலை. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் நிர்வாக வேலை. பொருளாதார ஞானம் தேவைப்படுவது மீதிக்குத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், சாட்பாட் எங்கே பயன்படும் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பவுன்ஸ் செய்தது என்ன

ஜார்ஜியா ஸ்டேட் தன் பாட்டுக்குப் பவுன்ஸ் என்று பெயர் வைத்தது. பல்கலைக்கழகச் சின்னமான சிறுத்தையின் பெயர் அது. அப்போது அவர்களை வாட்டிய பிரச்சினை, இடம் உறுதியாகி, வருகிறேன் என்று சொல்லிவிட்ட மாணவர்கள் கோடை விடுமுறையில் காணாமல் போவது. நிதியுதவிப் படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கும். தடுப்பூசிச் சான்று போய்ச் சேர்ந்திருக்காது. குறைந்த வருமானக் குடும்பங்களில் இந்த இழப்பு எப்போதுமே அதிகம், ஏனென்றால் அந்த வீடுகளில் இதற்கு முன் யாரும் அந்தப் படிவங்களை நிரப்பியிருக்க மாட்டார்கள்.

பவுன்ஸ் எஸ்எம்எஸ் வழியே பேசியது. செயலி எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. பணியாளர்கள் எழுதிவைத்த பதில்களின் கிடங்கு ஒன்று பின்னால் இருந்தது. கேள்விக்குப் பொருந்தும் பதிலைத் தேர்வதுதான் செயற்கை நுண்ணறிவின் வேலை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். இது அதற்கு ஆறு ஆண்டு முந்தைய கதை. அந்தக் கோடையில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் போயின. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய சோதனையின் முடிவை லிண்ட்சே பேஜ், ஹண்டர் கெல்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். சேர்வதாக உறுதி சொன்னவர்களில், பவுன்ஸ் பேசிய பிரிவு சரியான நேரத்தில் கல்லூரிக்கு வந்தது 3.3 சதவீதப் புள்ளி கூடுதல். காணாமல் போகிறவர்கள் எண்ணிக்கையில் இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

இந்த எண்ணைப் பார்த்துப் பல கல்லூரிகள் பாட் வாங்க ஓடின. ஆனால் பலன் தந்த பகுதி அவர்கள் கண்ணில் படவில்லை. பவுன்ஸ் மாணவர் கேள்வி கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அது கல்லூரியின் தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. நிதியுதவிப் படிவத்தை முடிக்காதவருக்கு அந்தப் படிவம் பற்றி மட்டும் செய்தி போகும், முடித்தவருக்குப் போகாது. பெயர் சொல்லி, இன்ன வேலை பாக்கி, இன்ன தேதி கெடு, இதோ இணைப்பு என்று வரும் செய்திக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் பொது அறிவிப்புக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பிற்பாடு ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் இதே முறையைச் சோதித்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது: நிலுவை, பதிவுத் தடை (பாடங்களுக்குப் பதிய விடாத தடை) போன்ற குறிப்பான நிர்வாக வேலைகளில் செய்தி வேலை செய்தது. ‘இந்த மையத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ போன்ற பொது அறிவுரைகளுக்கு அந்த வலு இல்லை.

தகவல் மட்டும் போதாது

இதைவிடக் கறாரான சான்று 2012இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. அதில் சாட்பாட்டே கிடையாது. எரிக் பெட்டிங்கரும் மற்றவர்களும் வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் கிளைகளில் அதை நடத்தினார்கள். வரி கணக்குக்காக வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, கையிலிருந்த வரி விவரங்களைக் கொண்டே மத்திய நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சாவை அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலும், போய் விண்ணப்பியுங்கள் என்ற ஊக்கமும் மட்டும். நிரப்பித் தந்த குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில், கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்தவர்களின் பங்கு 8 சதவீதப் புள்ளி கூடியது. தகவல் மட்டும் பெற்ற பிரிவில் எந்த மாற்றமும் இல்லை.

2021இல் வெளியான இன்னொரு ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபாஃப்சா விண்ணப்பத்தை நினைவூட்டி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு தேசிய, மாநில அளவில் செய்திகள் அனுப்பிப் பார்த்தார்கள். விளைவு பூஜ்யம். சிறிய அளவில், மாணவருக்குத் தெரிந்த ஓர் அலுவலகம் அனுப்பியபோது பலித்த அதே உத்தி, முன்பின் அறியாத பெரிய அமைப்பு பொதுவாக அனுப்பியபோது பலிக்கவில்லை. செய்தி அனுப்புவதில் மந்திரம் எதுவும் இல்லை. யார் அனுப்புகிறார், எனக்கென்று அனுப்புகிறாரா, பதில் போட்டால் அந்தப் பக்கம் ஏதாவது அசையுமா என்பதை வைத்துத்தான் அதற்கு மதிப்பு.

நிதிக் கல்விக்கும் இதே விதி. வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்தால் பணப் பழக்கம் மாறிவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. 2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் நிதிக் கல்வி விளக்கியது 0.1 சதவீதம்தான். பல மணி நேர வகுப்புகூட 20 மாதங்களில் கிட்டத்தட்டக் கரைந்துபோனது. 2022இல் 76 குலுக்கல் சோதனைகளைத் தொகுத்த வேறொரு குழு, அவ்வளவு அவநம்பிக்கை வேண்டாம், பலன் இருக்கிறது என்று மறுத்தது. யார் சரி என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. ஆனால் 2014 கட்டுரையின் யோசனையை மறுப்பவர்கள் குறைவு: கல்வி தேவைப்படும் தருணத்துக்கு ஒட்டி வரட்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் வட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பு வேண்டாம். அந்த நாளில், அந்த நிமிடத்தில் அருகில் இருக்கக்கூடிய ஆசிரியர் யாரும் இல்லை. சாட்பாட்டின் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

பணத் தட்டுப்பாடு மூளையை என்ன செய்கிறது என்பதும் இதில் சேரும். 2013இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. அதே விவசாயி, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத வாரங்களில் எழுதிய சிந்தனைத் தேர்வைவிட, அறுவடைக்குப் பின் எழுதியதில் நன்றாகச் செய்தார். அறிவு கூடவில்லை, கவலை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானது. கட்டண நிலுவைக் கடிதம் வந்த வாரத்தில் ஒரு மாணவரின் தலைக்குள்ளும் இதே நெரிசல் இருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. அவரிடம் பத்துப் பக்க விதிகளை நீட்டுவதும், அதே பத்துப் பக்கத்தை இனிய குரலில் சுருக்கிச் சொல்லும் பாட்டை நீட்டுவதும் பெரிதாக வேறுபடாது. வேலையில் ஒரு படியையாவது குறைக்க வேண்டும்.

கடிதத்தைப் படித்துச் சொல்லும் வேலை

இன்றைய சாட்பாட்டுகளை இயக்கும் மொழி மாதிரிகள் உண்மையில் திறமை காட்டும் வேலை ஒன்று இருக்கிறது. அது அறிவுரை சொல்வதல்ல, படித்துச் சொல்வது.

கல்லூரிகள் அனுப்பும் நிதியுதவிக் கடிதங்களை அமெரிக்காவில் 2018இல் இரண்டு அமைப்புகள் சேர்ந்து ஆராய்ந்தன. அரசின் ஒரே ஒரு வகைக் கல்விக் கடனை 455 கல்லூரிகள் 136 விதமாகக் குறிப்பிட்டிருந்தன. அவற்றில் 24 பெயர்களில் ‘கடன்’ என்ற சொல்லே இல்லை. மானியமும் கடனும் ஒரே பட்டியலில், ஒரே கூட்டுத்தொகையின் கீழ். 2022இல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையைச் சொல்லவேயில்லை அல்லது குறைத்துக் காட்டியிருந்தன. பதினெட்டு வயதில் இந்தக் கடிதத்தைத் தனியாகப் படித்து முடிவெடுக்கச் சொல்கிறோம்.

பெயர், அடையாள எண் எல்லாம் நீக்கிவிட்டு அந்தக் கடிதத்தின் வரிகளைச் சாட்பாட்டில் ஒட்டி, இதில் எது திருப்பித் தர வேண்டாதது, எது கடன், எது நான் வேலை செய்தால் மட்டும் வருவது, இரண்டாம் ஆண்டிலும் தொடருமா என்று எதில் எழுதியிருக்கிறது என்று கேட்டால், நல்ல மாதிரி பெரும்பாலும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கும். சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டால் அதையும் பட்டியலிடும். நிதியுதவி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தரச் சொல்லலாம். கெடு நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லலாம். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவருக்கு இந்த உதவி சின்ன விஷயமல்ல. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதைச் செய்து தர யாராவது எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

கணக்கு என்று வரும்போது கொஞ்சம் நிதானம் தேவை. மொழி மாதிரி அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்து எழுதுவது. கூட்டல் கழித்தலையும் சில நேரம் அதே பாணியில் ஊகித்துவிடும், தவறான விடையையும் தயக்கமில்லாத தொனியில். கணிப்பான் போன்ற கருவி ஒன்றை அழைத்து விடை வாங்கும்படி அமைக்கப்பட்ட பாட் இதில் வெகுவாக மேல். அப்படி அமைந்தால் அது காட்டக்கூடியதைப் பாருங்கள். கிரெடிட் கார்டில் 10,000 பாக்கி, மாதம் 2 சதவீதம் வட்டி, புதுச் செலவு எதுவும் சேர்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 200 கட்டினால் வட்டிக்கே சரி; அசல் என்றென்றும் 10,000 ஆகவே இருக்கும். மாதம் 300 கட்டினால் 56 மாதம் ஆகும், வட்டி மட்டும் ஏறக்குறைய 6,600. மாதம் 500 என்றால் 26 மாதம், வட்டி ஏறக்குறைய 2,900. இருநூறு கூடுதலாகப் போட்டதில் இரண்டரை ஆண்டு மிச்சம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. பாடப்புத்தகத்தில் கூட்டுவட்டிச் சூத்திரம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த மூன்று வரி தெரியும் என்பது சந்தேகம்தான். தன் சொந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும் வசதி பாட் தருவது.

வெட்கமும் ரகசியமும்

பணத்தைப் பற்றிக் கேட்க வெட்கம் தடுக்கிறது. சாப்பாட்டுக்குக் காசில்லை என்பதையோ கடன் என்றால் என்னவென்று புரியவில்லை என்பதையோ கவுண்டரின் முன்னால் நின்று சொல்வது எளிதல்ல. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், திரையில் பேசும் உருவம் ஒன்றிடம் மக்களைப் பேசவிட்டார்கள். சிலரிடம் அதைக் கணினி இயக்குகிறது என்றார்கள், மற்றவர்களிடம் மறுபக்கம் ஒரு மனிதர் இயக்குகிறார் என்றார்கள். கணினி என்று நம்பியவர்கள் அச்சம் குறைந்து, மனம் திறந்து பேசினார்கள். நள்ளிரவில் பாட்டிடம் வரும் கேள்விகளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்தத் திறப்பே ஆபத்தும். அலுவலரிடம் சொல்லாததை எல்லாம் பாட்டிடம் சொல்கிறார் மாணவர். அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் படிக்கிறார், எவ்வளவு காலம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் சாட்ஜிபிடியில் ஏற்பட்ட ஒரு மென்பொருள் பிழையால் சிலரது உரையாடல் தலைப்புகள் மற்றவர்களுக்குத் தெரிந்தன. குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் அதைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் செலுத்தும் விவரங்களில் ஒரு பகுதியும் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று ஓபன்ஏஐ நிறுவனமே அறிவித்தது. கல்லூரி நடத்தும் பாட் என்றால் இன்னொரு கேள்வி. ‘கட்டணம் கட்ட முடியாமல் விலகலாமா என்று யோசிக்கிறேன்’ என்று மாணவர் எழுதியது, உதவி செய்யும் அலுவலகத்துக்கு மட்டும் போகிறதா, அல்லது அவர் ‘விலகக்கூடியவர்’ என்ற முத்திரையாக மாறித் துறைத்தலைவர் மேசைக்கும் போகிறதா? இதை முதல் செய்தியிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பெரும்பாலான இடங்களில் அது ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற பொத்தானுக்குள் ஒளிந்துகொள்கிறது.

பொதுவான சாட்பாட்டைப் பயன்படுத்தும் மாணவருக்கு ஒரு குறிப்பு. நல்ல பதில் கிடைக்க அதற்குத் தொகை, வட்டி, காலம், நிபந்தனை போதும். வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், அடையாள அட்டைப் படம், ஓடிபி எதையும் கேட்கும் பாட்டுக்கு உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் நோக்கம் இல்லை.

யாருடைய பாட்

சாட்பாட் தவறாகச் சொன்னால் பொறுப்பு யாருக்கு என்பதை 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று தெளிவாக்கியது. ஏர் கனடாவின் பாட், துக்க காரியத்துக்கான பயணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தது. நிறுவனத்தின் விதி அப்படியல்ல. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில், நியூயார்க் மாநகராட்சி சிறுதொழில்களுக்காக நடத்திய பாட், ஊழியர்களுக்கு வரும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது போன்ற சட்டவிரோத யோசனைகளைச் சொன்னதைப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். நிதியுதவியில் இதே வகைத் தவறு நேர்ந்தால், தவறிய கெடு ஒன்றுக்கு ஒரு கல்வியாண்டு விலை. ஆகவே தேதி, தொகை, தகுதி மூன்றையும் பாட் தன் நினைவிலிருந்து சொல்லவே கூடாது. கல்லூரியின் நடப்பு ஆவணத்தில் தேடி எடுத்து, எந்த ஆவணம் என்று காட்டி, கிடைக்காவிட்டால் தெரியாது என்று சொல்லி ஆளிடம் அனுப்ப வேண்டும்.

ஆளிடம் அனுப்பும் இந்தக் கடைசிப் பகுதிக்கு வங்கிகளின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் அந்நாட்டு மக்களில் சுமார் 37 சதவீதம் பேர் ஏதாவதொரு வங்கியின் பாட்டோடு பேசியிருந்தார்கள். வந்த புகார்களில் முக்கியமானது, மனிதரை அடைய முடியாமல் ஒரே பதிலில் சுற்றிச் சுற்றி வருவது. சிக்கல் எளிதாக இருக்கும்வரை பாட் அழகாக வேலை செய்யும். சிக்கல் முற்றினால்தான் அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உறுத்துவது வேறு: பாட் யார் பக்கம்? கடன் கொடுக்கும் செயலியில் இருக்கும் பாட், இந்தக் கடன் உனக்கு வேண்டாம் என்று சொல்லாது. தவணையில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் செயலியின் பாட், ஏற்கெனவே நான்கு தவணை ஓடுகிறதே என்று கேட்காது. இது எல்லோருக்கும் புரிகிறது. கல்லூரியும் கடன் கொடுத்தவரின் இடத்தில்தான் இருக்கிறது என்பது அவ்வளவு எளிதில் உறைப்பதில்லை. கட்டணம் வசூலிப்பது அது. அபராதம் போடுவது அது. நிலுவை வைத்தவரின் மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைக்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் நெடுங்காலமாக இருந்து, கலிஃபோர்னியா 2019இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. ‘உங்கள் கட்டணம் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டுங்கள்’ என்று அதே கல்லூரியின் பாட் அனுப்பும் செய்திக்கு நிதி நலம் என்று பெயரா, வசூல் என்று பெயரா? அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தவணையாகக் கட்ட வழி உண்டு, அவசர நிதிக்கு இங்கே ஒரே கேள்வியில் விண்ணப்பிக்கலாம், இந்தப் பாடத்தை இந்தத் தேதிக்குள் விலக்கினால் பாதிக் கட்டணம் திரும்ப வரும் என்று அந்த வரி சொன்னால் அது நலம். அபராத விவரம் மட்டும் இருந்தால் அது வசூல்தான், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

சில கேள்விகளைக் கல்லூரியின் பாட்டிடம் கேட்டுப் பயனில்லை. இந்தப் படிப்புக்கு இந்தக் கடன் தகுமா, இதைவிடக் குறைந்த செலவில் வேறெங்காவது படிக்கலாமா, ஓராண்டு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா? இவற்றுக்குப் பாட் நேர்மையாகப் பதில் சொல்லக் கல்லூரி அனுமதிக்கும் என்று எதிர்பார்ப்பது அதிகம். இங்கே பொதுவான சாட்பாட் கொஞ்சம் சுதந்திரமானது, ஆனால் அதற்கு மாணவரின் கணக்கும் தெரியாது, கல்லூரியின் விதியும் தெரியாது. இரண்டையும் அறிந்து, இரு தரப்பிலும் சேராத மனித ஆலோசகர் இருந்தால் நல்லது. அப்படிப்பட்டவர் பல கல்லூரிகளில் கிடையாது என்பதுதான் பாட் பற்றிப் பேச வேண்டி வந்ததற்கே காரணம்.

கைமாற்றும் இடம்

சாப்பிட்டு இரண்டு நாளாயிற்று, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இனி எதற்கு என்று தோன்றுகிறது: இப்படிச் செய்திகள் வரும். வரவு செலவுத் திட்டம் போட இது நேரமில்லை. உயிர் பற்றிய பேச்சு எழுந்த கணத்தில் பாட் பண விஷயத்தை ஒதுக்கிவிட்டு நெருக்கடி உதவி எண்ணையும் ஆளையும் இணைக்க வேண்டும். மற்றவற்றில், கைமாற்றும்போது மாணவர் இதுவரை சொன்னதை அவர் சம்மதத்தோடு அலுவலருக்குத் தெரியப்படுத்த வேண்டும். மறுநாள் காலை கவுண்டரில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வைத்தால், இரவு கிடைத்த நிம்மதி அங்கேயே போய்விடும். அலுவலர் இல்லாத நேரத்தில் எப்போது பதில் வரும் என்ற உண்மையான நேரத்தைச் சொல்வதும் இதில் சேரும்.

இன்னொரு வேலை கல்லூரி நிர்வாகத்தினுடையது. ஒரே கேள்வி ஆயிரம் மாணவரிடமிருந்து வந்தால், பதிலை மெருகேற்றுவதோடு நிற்காமல் அந்தப் படிவத்தைத் திருத்த வேண்டும். கட்டண ரசீதில் ஒரு வரி யாருக்கும் புரியவில்லை என்பதைப் பாட்டின் பதிவேடு ஒரு வாரத்தில் காட்டிவிடும். பெயர்களை நீக்கிய அந்தப் பதிவேட்டை மாதமொரு முறை நிதியுதவி அலுவலகம் உட்கார்ந்து படித்தால், பாட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி அதிலேயே திரும்பிவிடும் என்பேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதற்கு ஒரு பழைய செய்தி உதவும். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் 2024 மார்ச்சில் ‘எட்’ என்ற பாட்டை ஆரவாரமாகத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் அதைச் செய்து தந்த ஆல்ஹியர் நிறுவனம் சரிந்து, பாட் நிறுத்தப்பட்டது. மாணவர் தரவு என்ன ஆகும் என்ற கேள்வி அதன் பிறகுதான் பெரிதாக எழுந்தது. ஒப்பந்தத்தில் அதற்கு முன்பே இடம்பெற வேண்டிய கேள்வி அது.

விற்கும் நிறுவனங்கள் அறிக்கையில் காட்டுவது எத்தனை லட்சம் செய்தி, எத்தனை நொடியில் பதில், எத்தனை பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள் என்ற எண்கள். கல்லூரி கேட்க வேண்டியவை வேறு. செய்தி போனவர்களில் எத்தனை பேரின் பதிவுத் தடை நீங்கியது? அவசர நிதிக்கு விண்ணப்பித்த எத்தனை பேருக்குப் பணம் கைக்கு வந்தது, எத்தனை நாளில்? செய்தி போகாத ஒப்பீட்டுப் பிரிவில் இதே எண்கள் என்ன? இரண்டாவது கேள்விக்கு விடை பூஜ்யம் என்று வந்தால், பெரும்பாலும் கோளாறு மென்பொருளில் இருக்காது. அந்த நிதியில் பணம் போடவில்லை என்பதாக இருக்கும்.